இரண்டு தாளும் பொருந்தின

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாதத்தைவிடக் குறைவு. மாடிப்படியில் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், திட்டினால் வலி தெரிவதில்லையாம். சமையலறைச் சுவரில் ஈரம் இன்னும் இறங்குகிறது. குழாய்க்காரர் இரண்டு தடவை வந்து, மேல் வீட்டுக் குழாய் என்று ஒரு முறையும் மழைநீர் என்று ஒரு முறையும் சொல்லிவிட்டுப் போனார். உன் அண்ணன் ஞாயிறன்று வந்திருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இப்போது அவனுக்குக் கீழே ஆறு பேர். எங்கள் நிலையத்து விண்கலம் ஓய்ந்துபோன சேதி கேட்டு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அப்பா, என் தொழில்ல மேல போனது கீழ வரலைன்னா ஆள அடிக்க வருவாங்க, உங்க தொழில்ல மேல போனது வரவே வராதுன்னு தெரிஞ்சேதான அனுப்புறீங்க, அப்புறம் என்ன வருத்தம்" என்றான். நானும் சிரித்தேன்.

ஃபோனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளாக நீ கூப்பிடும்போதெல்லாம் நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். நீ ஒருமுறை "ஏன்பா ஒரு மாதிரி இருக்கீங்க" என்று கேட்டாய், "ஒண்ணுமில்லம்மா, தொண்டை கட்டியிருக்கு" என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. கேட்டவுடன் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் "ஒண்ணுமில்ல" என்பதுதான் முதலில் வருகிறது, அது என் பிறவிக் குணம். காகிதத்தில் என்றால் யாரும் எதிரே நிற்பதில்லை. இது நான் எழுதும் நான்காவது கடிதம், முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். தபால் உன் ஊருக்கு எட்டு நாளில் வந்துவிடுகிறது என்று உன் பழைய உறைகளின் முத்திரைகளை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறேன், மிஞ்சிப் போனால் பத்து. உன் திட்டத்துக்கு அனுமதி தரும் குழுவின் கூட்டம் பத்தொன்பதாம் தேதி. அதற்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ அனுப்பிய திட்ட அறிக்கையை முழுவதும் படித்தேன். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அடிக்குறிப்புகள் உட்பட. பத்தொன்பது வருஷ உழைப்பு என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. வால்நட்சத்திரங்கள் கிளம்பி வருகிற அந்த வெளி விளிம்புக்கு இருநூறு வருஷம் போகப்போகிற ஒரு கலம், அதற்கு இயந்திரம் ஒரு பிரச்சினையே அல்ல, பார்த்துக்கொள்ளும் மனிதர்கள்தான் பிரச்சினை என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆரம்பித்து வைப்பவர்களின் பேரனுக்குப் பேரனுக்கும் அப்பால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதன் பேச்சைக் கேட்க வேண்டும். அப்படி ஒரு பொறுப்பை மனிதக் கூட்டம் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றுமா என்று குழுவில் கேட்பார்கள், அதற்கு ஒன்பதாம் பக்கத்தில் பதில் வைத்திருக்கிறாய். எங்கள் கலம். ஐம்பது வருஷம், எத்தனையோ ஆட்சி மாற்றம், சண்டைகள், வேலை வெட்டு, எல்லாவற்றையும் தாண்டி ஒரு சிறிய தரைநிலையத்தில் ஆள் மாற்றி ஆள் அதைப் பார்த்துக்கொண்டார்கள், ஒரு கட்டளையைக்கூடத் தவறாக அனுப்பியதில்லை, அது கடைசியில் முதுமையால்தான் ஓய்ந்தது, மனிதர்களின் அலட்சியத்தால் அல்ல என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிற்காமல், அந்த அறையில் முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்ன ஒரு மனிதரை எனக்குத் தெரியும், மனித இனத்தை நம்பலாம் என்று நான் சொல்வது அவரை வைத்துத்தான் என்றும் எழுதிவிட்டாய். பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன. அம்மா அதைப் படித்துவிட்டு "உங்களைத்தான் சொல்றா" என்று பக்கத்து வீட்டுக்குக் காட்டப் போய்விட்டாள்.

அந்தப் பக்கம் உண்மையில்லை, மகளே. இதைச் சொல்லத்தான் மூன்று கடிதம் கிழிந்தது.

எங்கள் அறையின் பழக்கம் உனக்குத் தெரியும், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். கலத்துக்கு அனுப்பும் கட்டளையை இரண்டு பேர் தனித்தனியே, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், கணக்கிட்டு எழுத வேண்டும். பிறகு ஒருவர் தன் தாளை வரிவரியாக உரக்க வாசிப்பார். மற்றவர் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லக் கூடாது, தன் தாளில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றானால் "சரி". ஒன்று இல்லையென்றால் திருப்பிச் சொல்பவர் "பொறு" என்பார். அந்த அறையில் நிலையத் தலைவருக்கே அப்படிச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அன்று வேலை நின்றுவிடும். ஆரம்ப நாளில் யாரோ யோசித்து வைத்த நல்ல ஏற்பாடு. தாளை மையால் எழுத வேண்டும் என்றும் விதி உண்டு. நான் பென்சிலில் எழுதுகிறவன். எனக்கு எதையும் ஒரே முறையில் எழுதி முடிக்கும் தைரியம் கிடையாது. கையெழுத்து சுத்தமாக இருக்கிறது என்று யாரும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

முப்பத்தொரு வருஷத்தில் நான் மூன்று தடவை "பொறு" சொல்லியிருக்கிறேன். முதல் தடவை நீ பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, அது நியாயமான "பொறு", அப்போதிருந்த தலைவர் எழுந்து வந்து கை கொடுத்தார். மற்ற இரண்டும் ஓய்வு பெற்றபின் வாரம் மூன்று நாள் என்று என்னைத் திரும்பக் கூப்பிட்டார்களே, அதற்கப்புறம். இரண்டிலும் தப்பு என்னுடையது. ஒரு முறை மூன்றை எட்டு என்று எழுதியிருந்தேன், இன்னொரு முறை லீப் வருஷத்து ஒரு நாளை விட்டுவிட்டேன். இரண்டாவதில் அன்றைய நேரம் முழுக்க வீணாகி, நமக்காகக் காத்திருந்த இன்னொரு நிலையத்துக்காரர்கள் புகார் எழுதினார்கள். இப்போதைய தலைவர் உனக்கு ஏழெட்டு வயது இளையவள், எல்லாம் மளமளவென்று நடக்க வேண்டும், அதனால் அவளுக்கு அறைக்குள் சட்டுபுட்டு என்று பெயர். கெட்டவள் இல்லை. ஆனால் அன்று எல்லோர் முன்னாலும், "சார், உங்க சந்தேகத்துக்குன்னே தனியா ஒரு டிஷ் ஆன்டெனா கட்டணும் போலிருக்கே" என்றாள். வாசிப்பவர், ஓயாமல் பேசுவதால் அவரை ரேடியோ என்போம், அவர் உடனே, "மறுபடியும் சார் மறுபடியும் ஆரம்பிச்சிட்டார்னு நினைச்சேன்" என்றார். எனக்கு அங்கே "மறுபடியும்" என்று பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சிரித்ததில் வன்மம் இல்லை. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் நினைத்தேன். என் மனம் கேட்காமல் வைத்துக்கொண்டது போலிருக்கிறது.

பதினோரு வாரத்துக்கு முந்திய திங்கட்கிழமை. கலத்தின் பழைய உணர்கருவிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்ததால், அது பிடித்துக்கொண்டிருந்த வழிகாட்டி நட்சத்திரத்தை விட்டுவிட்டு இன்னும் பிரகாசமான ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது. புது நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று இரண்டு எண் கொடுத்தால் அது தன்னைத் திருப்பிக்கொண்டு டிஷ்ஷை நம் பக்கம் வைத்துக்கொள்ளும். பூமி ஓயப்போகும் பம்பரம் மாதிரி மெல்லத் தலையை ஆட்டுவதால் நட்சத்திர அட்டவணையைச் சில பத்தாண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதுகிறார்கள் என்பது நீ அறிந்ததே. கலத்துக்குப் புது அட்டவணை தெரியாது. அது கிளம்பிப்போன காலத்துக் கணக்குதான் அதன் வயிற்றில் இருக்கிறது, அது வீட்டை விட்டுப் போனபிறகு வீட்டில் என்னவெல்லாம் இடம் மாறியது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. நான் என்னுடைய பழைய கைப்புத்தகத்தைப் பார்த்து எழுதினேன், அட்டை கிழிந்து நாடா போட்டுக் கட்டியிருப்பேனே, அது; அதிலும் கலம் கிளம்பிய காலத்துக் கணக்குதான். ரேடியோ கம்ப்யூட்டரில் இருந்து எடுத்தார், அது புது அட்டவணை. மாலை நான்கு மணிக்கு வாசித்தார்கள். ஆறு வரிவரை பொருந்தியது. ஏழாவது வரியில் அவர் வாசித்த எண்ணும் என் தாளில் இருந்த எண்ணும் வேறு. முக்கால் பாகைக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம், நீட்டிய கையில் சுண்டு விரலின் அகலம்கூட இல்லை.

நான் நினைத்தது இதுதான், மறைக்காமல் எழுதுகிறேன். மறுபடியும் நான்தான் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். பழைய புத்தகம், பழைய கண், பழைய ஆள். கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லுமா. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரப்பரை எடுத்து என் தாளில் இருந்ததை அழித்துவிட்டு, அவர் வாசித்ததை அந்த இடத்தில் எழுதி, அதைத் திருப்பிச் சொல்லி, "சரி" என்றேன். ரேடியோ நடுவில் "என்ன சார்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, பென்சில் முனை ஒடிஞ்சிடுச்சு" என்றேன். நான்கைந்து விநாடி ஆகியிருக்கும். அடுத்தது எட்டாவது வரி.

பதில் வர நாற்பத்திரண்டு மணி நேரம் ஆகும், புதன்கிழமை காலை பத்து மணி தாண்டி இருபது நிமிடம் ஆகும்போது வர வேண்டும். வரவில்லை. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ரேடியோ மணியை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். திசை தவறினால் கலம் தானே பூமியைத் தேடிக்கொள்ளும் ஏற்பாட்டை, மின்சாரம் மிச்சமாகட்டும் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்பே நாங்கள்தான் நிறுத்தி வைத்தோம். அன்று வீட்டுக்கு வந்து கைப்புத்தகத்தை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டேன். நான் அழித்த எண் வந்தது. அடுத்த நாளும் போட்டேன், அதே எண். இங்கேதான் நான் செய்த இரண்டாவது காரியம், அது முதலாவதைவிட மோசம். அப்போதே சொல்லியிருக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய டிஷ் இருக்கிறதல்லவா, நம்முடையதைப்போல் இருபது மடங்கு பலமாகக் கத்தக்கூடியது, என்ன கோணத்தில் தவறிற்று என்று தெரிந்தால் அதிலிருந்து கத்தி ஓரமாகவாவது அதன் காதில் போட்டிருக்கலாம். அதை முப்பது நாளில் பழுதுபார்ப்புக்காக மூடப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அறிவிப்பு எங்கள் பலகையிலேயே ஒட்டியிருந்தது. முழுக்க நிச்சயமானபிறகு சொல்லலாம், இதிலும் தப்பாகச் சொல்லி நான்காவது "பொறு" ஆகிவிடக் கூடாது என்று இருபத்துமூன்று நாள் தினம் ஒரு தடவை அதே கணக்கைப் போட்டேன். இருபத்துமூன்று தடவையும் அதே விடை. இருபத்துநான்காம் நாள் தலைவர் அறைக்குப் போய் மேஜை முன்னால் நின்றேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல், "என்ன சார், லீவா?" என்றாள். நான் "ஆமாம்மா" என்றேன். இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அந்த இரண்டு நாளும் என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறை ஈரச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

இதற்குள் விசாரணைக் குழு வந்தது, நல்ல படித்த மனிதர்கள். அன்றைய இரண்டு தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் பொருந்தின, ஆகவே கட்டளையில் பிழை இல்லை, ஆகவே கலம் முதுமையால் ஓய்ந்தது என்று எழுதிவிட்டார்கள். நீ அறிக்கையில் எடுத்துப் போட்டிருப்பது அந்த வாக்கியம்தான். தலைவர் அப்போதும் விடாமல் அந்தப் பெரிய டிஷ்காரர்களிடம் இரண்டு மணி நேரம் கேட்டுப் பார்த்தாள். கட்டளை சரியாகத்தான் போயிருக்கிறது என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது, செத்ததைக் கூப்பிட எங்களுக்கு நேரமில்லை என்று பதில் வந்தது. முப்பதாம் நாள் மூடிவிட்டார்கள். திரும்பத் திறக்க இரண்டு வருஷம். கலத்தில் மின்சாரம் இன்னும் ஒரு வருஷத்துக்குக்கூடத் தாங்காது.

அது சாகவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. அது இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறது. நேற்றைய வெப்பம், நேற்றைய காந்தப் புலம், துகள்களின் எண்ணிக்கை, எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக நாங்கள் காட்டிய திசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் திசையில் நாம் இல்லை. அங்கிருந்து நம் இடம் இருபத்தேழு கோடி கிலோமீட்டர் தள்ளி. பஸ்ஸில் போகும்போது இது நினைவுக்கு வந்து இறங்க வேண்டிய நிறுத்தத்தை இரண்டு தடவை விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் பத்து நாளைக்கு முன்புதான் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்து, "அதான் இத்தனை நாளா உப்பு போட்டாலும் போடலைன்னாலும் வாயத் திறக்காம சாப்பிட்டீங்களா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மூன்றாவது கடிதத்தில் நான் நடந்ததையெல்லாம் எழுதி, நிலையத்தில் சொல்லலாமா வேண்டாமா, உன் கூட்டம் முடியும்வரை பொறுக்கலாமா, நீ சொல்கிறபடி செய்கிறேன் என்று முடித்திருந்தேன். அதை அம்மாவிடம் காட்டினேன். அவள் நின்றுகொண்டே படித்தாள், "பாரத்த இறக்கி வைக்க உங்களுக்கு வேற தலை கிடைக்கலையா? பெத்த பொண்ணு தலைதான் கிடைச்சுதா?" என்றாள். அவள் சொன்னது சரி. நான் அதை அழகான தமிழில் எழுதியிருந்தேனே தவிர, மறுபடியும் ரப்பரைத்தான் எடுத்திருந்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்தேன்.

ஆகவே நேற்று போய்க் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம், மையில். தலைவர் நின்றபடி வாங்கினாள், படிக்கப் படிக்க உட்கார்ந்தாள். பிறகு கோப்பிலிருந்து என் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பென்சில் அழிந்தாலும் அழுத்திய தடம் போகாது, பழைய எண் தெரிந்தது. கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சார், நீங்க பொறுன்னு சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேனான்னு யோசிக்கிறேன்" என்றாள். தாளைக் கோப்பில் திரும்ப வைத்தபடி, "அன்னைக்கு நேரம் ரொம்பக் கம்மியா இருந்துச்சு. தெரியல சார். நின்னிருப்பேன்னு சத்தியம் பண்ண முடியல" என்றாள். எனக்கு அதுவரை ஒரு நினைப்பு இருந்தது, தப்பு என்னோடு முடிந்தது, என் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் காப்பாற்றியிருப்பார்கள் என்று. அந்த ஆறுதலும் போய்விட்டது. கிளம்பும்போது, இது மேலே போய் விசாரணையைத் திரும்பத் திறக்க இரண்டு மாதமாவது ஆகும், அதுவரை வெளியே வராது என்றாள். என் முகத்தைப் பார்க்காமல், "உங்க பொண்ணோட கூட்டம் இந்த மாசம்தான, சார்" என்று மட்டும் கேட்டாள். ரேடியோ வாசல்வரை கூடவே வந்தார். வழியெல்லாம் "நானும் ஒரு தடவை பழைய புத்தகத்தப் பார்த்திருக்கணும் சார், பார்த்திருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

நீ குழந்தையாக இருந்தபோது, அது எப்போது திரும்பி வரும் என்று கேட்டாய், வராது என்றேன், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அது வராட்டி என்ன, நாம அதுகிட்டப் போலாம்பா" என்றாய். நீ இந்தத் தொழிலுக்குப் போனதற்கு அந்த நாளும் ஒரு காரணம் என்று நீயே பேட்டியில் சொல்லியிருக்கிறாய். எனக்கும் அந்தக் கலம் பெரிய தெம்பாக இருந்தது. செய்தித்தாளைத் திறந்தால் ஒரு நாளாவது நிம்மதி இருந்ததில்லை, மனிதர்கள் அடுத்த வாரத்துக்குமேல் யோசிக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் காலையில் டிஃபன் பாக்ஸோடு பஸ் ஏறும்போது, நம் கையில் மட்டும் நம் ஆயுளைவிடப் பெரிய ஒரு காரியம் பத்திரமாக இருக்கிறது, இதை முன்னால் இருந்தவர் நமக்குக் கொடுத்தார், நாம் அடுத்தவருக்குக் கொடுப்போம் என்று நினைத்துக்கொள்வேன். ஒருவரிடமும் சொன்னதில்லை, சிரிப்பார்கள்.

இப்போது வேறு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், பழக்கதோஷம். முப்பத்தொரு வருஷத்தில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கட்டளை திருப்பிச் சொல்லியிருக்கிறேன், அழித்தது ஒன்று. இருநூறு வருஷம் என்றால் என்னைப்போல் ஆறு பேர் அல்லது ஏழு பேர். ஆளுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஆறேழு ஆகிறது. ஒன்றே போதும் என்று பார்த்துவிட்டோம். நான் குடிகாரன் அல்ல, வேலைக்குத் தாமதமாகப் போனவன் அல்ல, அந்தக் கலத்தின்மேல் என்னைவிடப் பாசம் வைத்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். சோம்பேறியால் கெட்டது என்றால் சோம்பேறியை எடுக்காமல் இருக்கலாம். கவனமான ஆளைத்தான் எடுத்தார்கள். அதனால்தான் எனக்கு வழியே தெரியவில்லை. கம்ப்யூட்டர்களிடம் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், அந்தப் புது அட்டவணையைக் கொடுத்தது கம்ப்யூட்டர்தான், அதைக் கேட்டு நான் வாய்மூடியதும் அது கம்ப்யூட்டர் என்பதால்தான். உன் திட்டத்தில் என்னைப் போன்றவனுக்கு ஒரு மருந்து இருக்கிறதா என்று அறிக்கையைத் திரும்பவும் புரட்டினேன். இரண்டு பேர் தனித்தனியே எழுதி ஒப்பிடுவார்கள் என்றுதான் போட்டிருக்கிறாய். எங்கள் முறைதான் அது, என்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய்.

குழுவில் எதிர்ப்பவர்கள் யார் என்று நீ சொல்லியிருக்கிறாய், அவர்களுக்கு என் இரண்டு பக்கம் கிடைத்தால் வேறொன்றும் தேவையில்லை. பத்தொன்பது வருஷம். இந்தக் கூட்டத்தில் நிராகரித்தால் அடுத்த கூட்டம் எட்டு வருஷம் கழித்து என்பதும் தெரியும். உனக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். நீ பத்தொன்பதாம் தேதி ஒன்பதாம் பக்கத்தை அப்படியே வாசித்தால், அன்று அந்த அறையில் அதைப் பொய் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். எடுத்துவிட்டு வாசித்தால், ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். எடுக்கிற இடத்தில் வேறு என்ன வைக்கலாம் என்று ஒரு வாரமாக நானும் யோசித்தேன், உனக்கு ஏதாவது கொடுக்க முடிந்தால் என்று. ஒன்றும் கிடைக்கவில்லை. என்னை எண்ணி எதையும் மறைக்காதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், எனக்கு இனி போவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. என் பெயரைப் போட்டாலும் வருத்தமில்லை, அம்மாவும் சம்மதித்துவிட்டாள், பக்கத்து வீட்டில் அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

கடிதத்தின் கடைசியில் அப்பா என்று இருப்பவன் ஒரு புத்தி சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லிவிடு என்று எழுதிப் பார்த்தேன். அதைச் சொல்ல எழுபத்தேழு நாள் எடுத்துக்கொண்டவன் உனக்கு எப்படிச் சொல்வது என்று அடித்துவிட்டேன். சொல்லாதே, திட்டத்தைக் காப்பாற்று என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே அந்த விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ எது செய்தாலும் அதற்குப் பிறகும் நீ எங்கள் பெண்தான், நீயும் உன் வேலையும் உன்கூட இருப்பவர்களும் கண்கலங்காமல் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் நினைக்காத நாள் இல்லை. கூட்டம் காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருக்கிறாய். வெறும் வயிற்றோடு போகாதே, பதற்றத்தில் உனக்குத் தலை சுற்றும். ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போ. இது ஒன்றை உறுதியாகச் சொல்வேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா